வாசலுக்கு வந்த பன்னிரண்டு பாட்டில்

தபாலில் ஒயின் அனுப்பும் கிளப்புக்குச் சந்தா கட்டுவது லாபமா, நஷ்டமா? வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஓர் ஆடிட்டர் போட்ட கணக்கு

2025 கோடையில் ஒரு நாள். காலை பத்தரை மணி. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஒரு வீட்டின் அழைப்பு மணி அடிக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயாகிவிட்டது. கதவைத் திறந்தவர் மும்பை செம்பூரிலிருந்து வந்திருக்கும் அப்பா. வயது 68. மதுபானம் வாங்குபவரிடம் 18 வயது ஆகிவிட்டதா என்று கேட்க வேண்டியது கூரியர்காரரின் கடமை. அவர் பெரியவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார், கேள்வியை விழுங்கிக்கொண்டார், 15 கிலோவுக்குக் குறையாத ஓர் அட்டைப் பெட்டியை நடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அரிசி மூட்டையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாராம். பெட்டியின் பக்கவாட்டில் திராட்சைக் கொத்து படம். உள்ளே பன்னிரண்டு பாட்டில் ஒயின். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைக்கலாம் என்று திறந்தால், அங்கே ஏற்கெனவே பதினொன்று.

நாட்டுடைமை வங்கி ஒன்றில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியை ஆடிட் பிரிவில் கழித்தவர் அவர். கோபப்படவில்லை. மனைவியிடமும் உடனே சொல்லவில்லை. கைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். மாலையில் மகன் வந்தபோது சமையலறை மேஜையில் அது திறந்தபடி இருந்தது.

"என்னப்பா எழுதறீங்க?"

"ஸ்டாக் எடுத்தேன்டா. இருபத்து மூணு இருக்கு. இதுவரைக்கும் வந்தது எத்தனை?"

சிகரெட்டோடு பிடிபட்ட கல்லூரி மாணவனைப் போல நின்ற அந்த 38 வயது சாஃப்ட்வேர் என்ஜினியர், ஒரு நிமிடம் கழித்து கம்ப்யூட்டரைத் திறந்து பழைய பில்களைத் தேட ஆரம்பித்தார். (குடும்பத்தில் யார் பெயரையும் போட வேண்டாம் என்பது பெரியவர் விதித்த ஒரே நிபந்தனை. செம்பூரில் அவர் பஜனை மண்டலியின் பொருளாளர்.)

செருப்புப் பெட்டியில் வந்த கூப்பன்

விவகாரம் தொடங்கியது ஒரு ஜோடி ஷூவில். தபாலில் தருவித்த ஷூ பெட்டிக்குள் ஒரு வண்ணச் சீட்டு இருந்தது. 'முதல் பெட்டி 12 பாட்டில், 59 பவுண்டு 88 பென்ஸ் மட்டுமே, இரண்டு கண்ணாடிக் கோப்பைகள் இலவசம், டெலிவரி கட்டணம் கிடையாது.' பாட்டில் ஐந்து பவுண்டுக்கும் கீழே. பிரிட்டனில் இப்படிப்பட்ட சீட்டுகள் துணிப் பார்சலிலும் புத்தகப் பார்சலிலும் பத்திரிகைகளின் நடுப்பக்கத்திலும் உதிர்ந்துகொண்டே இருக்கும். தம்பதி ஆசைப்பட்டு எழுதிப்போட்டார்கள்.

பொடி எழுத்தில் இருந்தது மீதிக் கதை. பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அடுத்த பெட்டி தானாக வரும். விலை 131 பவுண்டு 88 பென்ஸ், டெலிவரிக்கு 8 பவுண்டு 99 பென்ஸ் தனி. வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இருவரும் சொல்ல மறந்தார்கள், மூன்று முறை.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் இந்த வியாபாரத் தந்திரம் ஒயினோடு பிறந்ததல்ல. 1926ல் நியூயார்க்கில் ஹாரி ஷெர்மன் தொடங்கிய 'புக் ஆஃப் த மன்த் கிளப்' இதைப் பிரபலமாக்கியது. மாதத்துக்கு ஒரு புத்தகம். வேண்டாம் என்று கடிதம் எழுதாதவர் வீட்டுக்குப் புத்தகம் போய்ச் சேர்ந்துவிடும். நம் ஊர் வி.பி.பி. எவ்வளவோ நாணயமானது. தபால்காரர் வாசலில் நிற்பார், பணம் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும், வேண்டாம் என்றால் திருப்பி எடுத்துப் போய்விடுவார். சந்தா கிளப்பில் பணம் முதலிலேயே கார்டிலிருந்து போய்விடுகிறது. அப்புறம்தான் பார்சல் புறப்படுகிறது.

அடக்க விலையா, விற்கும் விலையா?

பெரியவரின் நோட்டில் முதல் பக்கம் இப்படிப் போகிறது. வந்த பெட்டிகள் நான்கு, பாட்டில்கள் 48. கொடுத்த பணம் முதல் பெட்டிக்கு 59.88, அடுத்த மூன்றுக்கும் டெலிவரி உட்பட 422.61, ஆக மொத்தம் 482 பவுண்டு 49 பென்ஸ். அன்றைய மாற்று விலையில் 55,000 ரூபாய்க்கு மேல். நண்பர்கள் வீட்டு விருந்துகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது ஏழு. கையிருப்பு 23. எட்டு மாத காலத்தில் தம்பதி குடித்தது 18.

வகுத்துப் பார்த்தார். குடித்த பாட்டில் ஒன்றுக்கு 26 பவுண்டு 80 பென்ஸ்.

மகன் ஆட்சேபித்தார். கொடுத்த ஏழையும் செலவில் சேர்க்க வேண்டும்; எப்படியும் விருந்துக்கு எதையாவது வாங்கிப் போகத்தானே வேண்டும்? நியாயம் என்று ஒப்புக்கொண்டு 25ஆல் வகுத்தபோது 19 பவுண்டு 30 பென்ஸ் வந்தது. கையிருப்பில் உள்ள 23 பாட்டில்களையும் சொத்துக் கணக்கில் வைக்க வேண்டாமா என்று அடுத்த வாதம். இங்கேதான் ஆடிட்டர் விழித்துக்கொண்டார். கையிருப்பை அடக்க விலை, விற்றால் கிடைக்கும் விலை இரண்டில் எது குறைவோ அந்த விலைக்கு மதிக்க வேண்டும் என்பது கணக்கியலின் பால பாடம். லைசென்ஸ் இல்லாதவர் ஒயின் விற்க முடியாது. ஆகவே விற்றால் கிடைக்கும் விலை பூஜ்யம். அப்படியே வைத்திருந்தால் மதிப்பு கூடுமே என்ற கடைசிக் கட்சியும் நிற்கவில்லை. பத்து, இருபது வருடம் வைத்துக் குடிக்கும் ஒயின் வேறு ஜாதி. இந்தப் பெட்டிகளில் வரும் வெள்ளையும் ரோஸும் ஓரிரு வருடங்களில் குடித்துவிட வேண்டியவை.

பொருளாதார நிபுணர்கள் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் இருவரும் 2006ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதே விஷயத்தை உடற்பயிற்சிக் கூடங்களில் பார்த்தது. மூன்று கூடங்களின் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவேட்டை அலசினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் சந்தா கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் போயிருக்கிறார்கள். தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. சந்தாவே இல்லாமல் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். சந்தா கட்டும்போது மனிதன் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பீடு வேறு, நடைமுறையில் அவன் வேறு. வாரம் ஒரு பாட்டில் திறப்போம் என்று நினைத்த தம்பதி மாதம் இரண்டுதான் திறந்திருக்கிறார்கள்.

ஐந்து பவுண்டு பாட்டிலில் ஒயின் எவ்வளவு?

அடுத்த பக்கம் சுவாரஸ்யமானது. முதல் பெட்டியை அந்த விலைக்கு எப்படிக் கொடுக்க முடிந்தது என்ற கேள்வி பெரியவரை விடவில்லை.

பிரிட்டனில் 2025 பிப்ரவரி 1 முதல் ஒயின் மீதான தீர்வை அதிலுள்ள ஆல்கஹால் அளவைப் பொறுத்து விதிக்கப்படுகிறது. 13.5 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மி.லி. பாட்டிலுக்கு அப்போது 2 பவுண்டு 99 பென்ஸ் வந்தது. பாட்டில் மட்டமானதா உயர்ந்ததா என்று தீர்வை பார்ப்பதில்லை. அதற்கு மேல் மொத்த விலைக்கும் 20 சதவீத வாட். 4 பவுண்டு 99 பென்ஸுக்கு விற்ற பாட்டிலில் வாட் 83 பென்ஸ், தீர்வை 2.99. மிஞ்சுவது 1 பவுண்டு 17 பென்ஸ். அதற்குள் கண்ணாடி பாட்டில், மூடி, லேபிள், கப்பல் கூலி, கூரியர் கூலி, கடைக்காரர் லாபம், எல்லாவற்றுக்கும் பிறகு ஒயின். நடக்கிற காரியமில்லை. முதல் பெட்டி நஷ்டத்துக்கு விற்கப்படுகிறது. ஆளைப் பிடிக்க ஆகும் செலவு அது; அடுத்தடுத்த பெட்டிகளில்தான் அதை மீட்டாக வேண்டும். மறப்பவர்கள் இருக்கும்வரை மீளும்.

அதே கணக்கு கிளப்புக்குச் சாதகமாகவும் ஒன்றைச் சொல்கிறது என்பதைப் பெரியவர் மறைக்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டின் 7 பவுண்டு பாட்டிலில் வரிகள் போக மிஞ்சுவது 2.84. கிளப்பின் 10.99 பாட்டிலில் 6.17. விலை ஒன்றரை மடங்கு, ஒயினுக்கும் வியாபாரத்துக்குமாக மிஞ்சும் பணமோ இரண்டு மடங்குக்கு மேல். மலிவு பாட்டில் வாங்குபவர் பெரும்பாலும் வரியைத்தான் வாங்குகிறார். கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காக முட்டாள்தனம் அல்ல. ஆனால் அந்தக் கூடுதல் பணம் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறதா, கூப்பன் அச்சடிக்கப் போகிறதா என்பதை எந்த லேபிளும் சொல்வதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழி அடைத்திருந்தது. 'வழக்கமான விலை 15 பவுண்டு' என்று பட்டியலில் போட்டிருந்த பாட்டிலை அவர் கடை கடையாகத் தேடினார், கிடைக்கவில்லை. பல கிளப்புகள் தங்களுக்கென்று தனி லேபிள் ஒட்டிய ஒயினை விற்கின்றன. வேறெங்கும் விற்காத சரக்குக்கு வழக்கமான விலை என்பது, விற்பவர் சொன்னதுதான்.

கம்பத்தின் வாசனை

இந்த இடத்தில் மருமகள் குறுக்கிட்டார். அவர் தேனி மாவட்டம் கம்பத்தைச் சேர்ந்தவர். தாத்தா காலத்திலிருந்து பன்னீர் திராட்சைப் பந்தல் போட்ட குடும்பம். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஊர் உலகத்தில் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று பெயர். இரண்டாவது பெட்டியில் போர்ச்சுகலின் செத்துபால் பகுதியிலிருந்து ஒரு மஸ்கட் ஒயின் வந்தது. மூடியைத் திறந்ததும் பறிப்பு நாளன்று வீட்டு முற்றத்தில் கூடைகள் இறக்கும்போது எழும் வாசனை. இரண்டும் மஸ்கட் குடும்பம்தான் என்பது பிறகு தெரிந்தது. அன்று இரவு அவர் ஊருக்கு ஃபோன் செய்து அம்மாவிடம் பேசினார், காரணத்தைச் சொல்லாமல்.

"மாமா, நீங்க சொல்ற கணக்கெல்லாம் சரி. ஆனா கடையில போய் நானா எடுத்தா, தெரிஞ்ச ரெண்டு லேபிளைத்தான் எடுப்பேன்" என்றார். குடித்த ஒவ்வொரு பாட்டிலின் லேபிளையும் அவர் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். நாடு, திராட்சை ரகம், பிடித்ததா இல்லையா. ஜார்ஜியாவின் 'சப்பெராவி' என்ற திராட்சையை அந்தப் பெட்டி வராவிட்டால் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்.

மாமனாரின் நோட்டையும் மருமகளின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் உண்மையான விடை வந்தது. குடித்த பதினெட்டில் மறுபடி வாங்கத் தக்கவை என்று மருமகள் நட்சத்திரம் போட்டிருந்தது நான்குக்கு. நான்கைக் கண்டுபிடிக்க 482 பவுண்டு. படிப்புச் செலவு என்று வைத்துக்கொண்டால் அது அதிகமா, நியாயமா? பெரியவர் நியாயம் என்றார், ஒருமுறைக்கு. வருடா வருடம் அதே வகுப்பில் உட்கார வேண்டுமா என்பதுதான் அவர் கேள்வி.

நாக்கை நம்பலாமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். கலிபோர்னியாவில் 2008ல் வெளியான ஒரு ஆய்வில் 20 பேருக்கு ஒயின் கொடுத்து விலையைச் சொன்னார்கள். 90 டாலர் ஒயினையே ஒருமுறை 10 டாலர் என்றும் ஒருமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தபோது, விலை உயர்த்திச் சொன்ன கோப்பை அதிகம் ருசித்தது. மூளைப் படத்திலும் இன்பத்தைக் காட்டும் பகுதி கூடுதலாக ஒளிர்ந்தது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, விலையை மறைத்து நடந்த 6,000க்கும் அதிகமான சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி இல்லாத சாதாரண மனிதர்களுக்கு விலை கூடிய ஒயின் சற்றுக் குறைவாகவே பிடித்திருந்தது. 'வழக்கமான விலை 15 பவுண்டு' என்ற வரி பட்டியலில் ஏன் இருக்கிறது என்பது இப்போது புரியலாம். அதுவும் ஒருவகை மசாலா.

மாமியாரின் கணக்கு

இத்தனைக்கும் வாய் திறக்காதிருந்தவர் மாமியார். அவருக்கு விஷயம் தெரிந்தது மூன்றாம் நாள். பாட்டில்களைப் பார்த்தார், உள்ளே போனார். சமையலறையில் கணவரிடம் கேட்டது ஒன்றுதான்: எட்டு மாசத்தில் எத்தனை?

பதினெட்டு, இரண்டு பேருக்கு.

அவருடைய அண்ணன் ஒருவர் குடியால் வேலையை இழந்து, பிறகு குடும்பத்தையும் இழந்தவர். அந்த வீட்டில் பாட்டிலை எண்ணும் பழக்கம் பெண்களுக்கு உண்டு. காலி பாட்டிலைத்தான் எண்ணுவார்கள். இங்கே நிறைந்த பாட்டில் தேங்கிக் கிடந்தது. கணவருக்கு நஷ்டக் கணக்கான அந்த 23, மனைவிக்கு நிம்மதிக் கணக்கு. உடற்பயிற்சிக் கூடத்துச் சந்தா வீணானால் பணம்தான் போகும். ஒயின் சந்தாவை வீணாக்காமல் ஒழுங்காகப் பயன்படுத்தினால் வேறு ஒன்று போகக்கூடும். பெட்டி வருகிறதே என்று வேகம் கூட்டிக் குடிப்பவர்களும் உண்டு.

பிரிட்டிஷ் அரசின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016ல் வகுத்த வரம்பு வாரத்துக்கு 14 யூனிட். 13.5 சதவீத ஒயின் பாட்டில் ஒன்றில் பத்து யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. குடிப்பதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. மாமியாருக்கு இந்த எண்கள் தேவைப்படவில்லை. அவர் சொன்னது: "இருக்கறது தீரட்டும். அப்புறம் வேணும்னா வாங்கிக்கோங்க. தானா வர வேண்டாம்."

தானாக வருவதா, கேட்டு வாங்குவதா? முடிவு அந்த இடத்தில்தான் பிறந்தது.

கேட்டு வாங்குவதற்கும் பிரிட்டனில் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1874ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சிக்குப் போர்ச்சுகல் அனுப்பிய ஒயின் பீப்பாய்கள் நிலவறையில் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைத் தீர்க்க நண்பர்கள் விருந்து வைத்தார்கள். விருந்து பிடித்துப்போய் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 'ஒயின் சொசைட்டி' என்ற அந்தச் சங்கம் இன்றும் ஸ்டீவனேஜ் நகரிலிருந்து தபாலில் ஒயின் அனுப்புகிறது. ஆளுக்கு ஒரே பங்கு, ஆயுளுக்கும் ஒரே தடவை 40 பவுண்டு, டிவிடெண்ட் கிடையாது, வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இன்னொரு பக்கம், 1969ல் போர்தோவிலிருந்து வேனில் ஒயின் கொண்டுவந்து விற்க ஆரம்பித்த டோனி லெய்த்வெயிட் என்ற இளைஞர், 1973ல் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையோடு சேர்ந்து ஒயின் கிளப் தொடங்கினார். பத்திரிகை வாசகர்களை ஒயின் வாடிக்கையாளர்களாக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது அப்படித்தான்.

கூட்டுறவு என்ற சொல் பெரியவருக்கு உடனே பிடித்துவிட்டது. பங்கை வாரிசுக்கு மாற்றலாம் என்பதைப் படித்ததும் இன்னும். மருமகளின் நோட்டில் நட்சத்திரம் வாங்கிய ரகங்களை வேண்டும்போது ஆறு ஆறாக வாங்குவது, கிளப்பை நிறுத்துவது என்று தீர்மானம்.

நிறுத்துவதற்கு 22 நிமிடம் பிடித்தது. சேர்வதற்கு ஒரு சீட்டு போதும். விலகுவதற்கு ஃபோன் செய்ய வேண்டும். மறுமுனையில் பேசிய பெண் மிகவும் இனிமையானவர். அடுத்த பெட்டியில் 30 பவுண்டு தள்ளுபடி தருகிறேன் என்றார். ஒரு தவணை விட்டுவிடலாமே என்றார். ஆறு பாட்டில் பெட்டியாக மாற்றித் தரட்டுமா என்றார். மருமகள் 'நோ, தேங்க் யூ' என்பதை ஐந்து முறை சொன்னார். தேவையில்லாத சந்தாக்களுக்காக பிரிட்டிஷ் மக்கள் ஆண்டுக்கு 160 கோடி பவுண்டு கொடுப்பதாக அந்நாட்டு அரசே மதிப்பிட்டிருக்கிறது. சந்தா ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தவென்று 2024ல் அங்கே ஒரு சட்டமும் நிறைவேறியது. அமெரிக்காவில், சேர்வதைப் போலவே விலகுவதும் சுலபமாக இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

செம்பூருக்கு வருமா?

ஆறு மாத விசா முடிந்து செம்பூர் திரும்பிய பிறகும் பெரியவருக்கு விஷயம் விடவில்லை. நாசிக் இருப்பது பக்கத்தில்தான். 1999ல் ராஜீவ் சாமந்த் அங்கே 'சுலா' நிறுவனத்தைத் தொடங்கினார். 2001ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்து, மாநிலத்துத் திராட்சையில் தயாராகும் ஒயினுக்குக் கலால் தீர்வையில் விலக்கு கொடுத்தது. கர்நாடகத்தில் நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் 1988லேயே தொடங்கிவிட்டார். சரக்கு இருக்கிறது. இந்தியா முழுவதும் வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பும் கிளப் ஏன் தழைக்கவில்லை?

பதில் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில் எட்டாவது இனம் மதுபானம். தயாரிப்பு, கொண்டுபோவது, வாங்குவது, விற்பது எல்லாம் மாநில அரசின் அதிகாரம். 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் மனிதர் குடிக்கும் மது அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஆகவே ஒயினைப் பொறுத்தவரை ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு. நாசிக்கில் வரி கட்டி வாங்கிய பாட்டிலைக் கூரியரில் சென்னைக்கு அனுப்ப முடியாது. அங்கே சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். குஜராத்துக்கும் பிகாருக்கும் அனுப்பினால் அது குற்றம். மது வியாபாரம் அடிப்படை உரிமை அல்ல என்று கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994ல் தெளிவாகச் சொல்லிவிட்டதால் கோர்ட்டுக்குப் போயும் பெரிதாக ஒன்றும் ஆகாது. அமெரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. உள்ளூர் ஒயின்காரர் வீட்டுக்கு அனுப்பலாம், வெளி மாநிலத்தவர் அனுப்பக்கூடாது என்ற மிஷிகன், நியூயார்க் சட்டங்களை 2005 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளுபடி செய்த பிறகுதான் தபால் ஒயின் அங்கே வேகம் பிடித்தது.

இங்கே கதவைக் கொஞ்சம் திறந்தது கொரோனா. 2020 மே 8 அன்று, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதைப் பற்றி மாநிலங்கள் யோசிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லி, ஆன்லைனில் மட்டும் விற்கலாம் என்றது. ஒரு வாரத்தில் அந்த உத்தரவுக்குத் தடை வந்து கடைகள் திறந்தன, ஆன்லைன் பேச்சு அடங்கியது. மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் உணவு கொண்டுவரும் கம்பெனிகளே மதுவும் கொண்டுவந்தன. மகாராஷ்டிரமும் பெர்மிட் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு அனுப்ப அனுமதித்தது. அந்த மாநிலத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிப்பதற்கே பெர்மிட் வேண்டும் என்பது குடிப்பவர்களில் பலருக்குத் தெரியாது. 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பதாக எச்சரித்தார், எதிர்க்கட்சியும் போர்க்கொடி தூக்கியது, ஆட்சி மாறியது, முடிவு கிடப்பில் போனது.

வெளிநாட்டு ஒயினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நீண்ட காலமாக 150 சதவீத இறக்குமதித் தீர்வை. 2022 டிசம்பரில் அமலான ஆஸ்திரேலிய ஒப்பந்தம்கூட ஐந்து டாலருக்குக் குறைந்த பாட்டிலுக்குச் சலுகை தரவில்லை. இத்தனையும் போதாதென்று பெயர்க் குழப்பம் வேறு. மும்பையானாலும் மதுரையானாலும் 'ஒயின் ஷாப்' என்று மக்கள் சொல்லும் கடையில் கடைசியாகக் கிடைக்கும் பொருள் ஒயின்.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவருக்குப் பெருமை. 2021 அக்டோபர் முதல், கார்டிலிருந்து தவணை தவணையாகப் பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் கார்டு கொடுத்த வங்கி வாடிக்கையாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட 13 ஏமாற்று உத்திகளின் பட்டியலில் 'சந்தாப் பொறி' தனியாகவே இடம்பெற்றது. ரெடிங்கில் இந்த ஒரு எஸ்.எம்.எஸ். வந்திருந்தால் மூன்று பெட்டிகள் வந்திருக்காது என்பது அவர் கட்சி. மகன் ஒத்துக்கொள்வதில்லை. எஸ்.எம்.எஸ்ஸையும் மறந்திருப்போம் என்கிறார்.

படிக்கட்டு அலமாரியில் இப்போது ஆறு பாட்டில்கள் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் மருமகள் பெயரில் பங்கு வாங்கியாகிவிட்டது. சந்தாவை நிறுத்திய ஏழாவது வாரம் பழைய கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களை மிகவும் இழந்து தவிக்கிறோம், திரும்பி வாருங்கள், முதல் பெட்டி 12 பாட்டில் வெறும் 59 பவுண்டு 88 பென்ஸ்.

மருமகள் சிரித்தபடி அதைப் படம் எடுத்துச் செம்பூருக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "முதல் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு உடனே நிறுத்தலாமா என்று கேட்டுப் பார் அம்மா."